மணிலாவுக்காகத் தூக்கு, சிங்கப்பூருக்காக ஒரு கேள்விகூட இல்லை: யாமாஷித்தாவை எந்த நாடு எப்படி நினைக்கிறது?

புக்கித்தீமா:

போன வாரம் ஊரிலிருந்து வந்த மாமாவையும் அவர் மகனையும் அப்பர் புக்கித் தீமா சாலையில் இருக்கும் பழைய ஃபோர்டு தொழிற்சாலைக்குக் கூட்டிப் போயிருந்தேன். 1942 பிப்ரவரி 15 சாயங்காலம் பிரிட்டிஷ் ஜெனரல் பெர்சிவல், ஜப்பானிய ஜெனரல் யாமாஷித்தாவிடம் சரணடைந்த இடம். கூட்ட அறையில் நீளமான மேசை கிடக்கிறது. இதில்தான் கையெழுத்துப் போட்டார்களா என்று பையன் கேட்டான். இல்லை, இது நகல். அசல் மேசை ஆஸ்திரேலியாவில், கான்பெரா போர் நினைவகத்தில் இருக்கிறது. அந்தச் சந்திப்பை மியாமோத்தோ சபுரோ வரைந்த பெரிய ஓவியம் டோக்கியோவில் இருக்கிறது. போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் அதை எடுத்துப்போய், 1970இல் காலவரையில்லாத கடன் என்று சொல்லி ஜப்பானிடம் கொடுத்தார்கள். எங்களிடம் மிச்சம் அந்த அறை மட்டும்தான்.

வீட்டுக்கு வந்த பிறகும் அது மனதை விட்டுப் போகவில்லை. சிங்கப்பூரில் இந்த மனிதரின் பெயரைக் கேட்டதும் பெரியவர்களுக்கு ஞாபகம் வருவது சூக் சிங், ஜப்பானியர் சீனர்களைக் களையெடுத்த படுகொலை. சரணடைந்து மூன்றாம் நாள் தொடங்கியது அது. சீன ஆண்களை ஜாலான் பெசார், ஹொங் லிம் போன்ற இடங்களுக்கு வரச் சொல்லி வெயிலில் உட்கார வைத்தார்கள். தப்பியவர்களுக்குக் கையிலோ சட்டையிலோ ஒரு முத்திரை குத்தினார்கள், மற்றவர்களை லாரியில் ஏற்றி சாங்கி, பொங்கோல், சிக்லாப் கடற்கரைப் பக்கம் கொண்டுபோய்ச் சுட்டார்கள். முத்திரை அழிந்துவிடுமோ என்று பயந்து நாள்கணக்கில் அந்தக் கையில் தண்ணீர் படாமல் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள். இறந்தவர்கள் சுமார் 5,000 என்பது ஜப்பானியத் தரப்புக் கணக்கு, 40,000 – 50,000 என்பது சீனச் சமூகத்தின் கணக்கு.

என் கேள்வி இதுதான். யாமாஷித்தாவை 1946 பிப்ரவரி 23 அன்று பிலிப்பைன்ஸில் தூக்கிலிட்டார்கள். எதற்காக? மணிலாவில் நடந்த படுகொலைகளுக்காக. ஆனால் மணிலாவை விட்டு வெளியேறச் சொன்னவர் அவர். நகரத்துக்குள் நின்று போரிட்டது ரியர் அட்மிரல் இவாபுச்சியின் கடற்படை ஆட்கள். அந்த நேரத்தில் யாமாஷித்தா பாகியோ மலையில், தொடர்பெல்லாம் அறுந்து கிடந்தார். சிங்கப்பூரில் நடந்ததோ நேர் எதிர். அவரே ஊருக்குள் இருந்தார், களையெடுக்கும் உத்தரவு அவருடைய 25ஆம் படைத் தலைமையகத்திலிருந்து மேஜர் ஜெனரல் கவாமுராவுக்குப் போனது. கைக்கு எட்டாத தூரத்தில் நடந்த குற்றத்துக்குத் தூக்கு, கை பட்ட குற்றத்துக்கு ஒரு நாள் விசாரணைகூட இல்லை. 1947இல் சிங்கப்பூர் விக்டோரியா நினைவு மண்டபத்தில் சூக் சிங் வழக்கு நடந்தபோது, உத்தரவு கொடுத்தவர் செத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

வேறு நாடுகளில் இருப்பவர்கள் சொல்லுங்கள், உங்கள் பக்கத்தில் இவரைப் பற்றி என்ன பேசுகிறார்கள்?


மக்காத்தி:

நான் மணிலாவில் ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். இங்கே அவரைப் பற்றிப் பேசுவதைக் கேட்டால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். என் அலுவலகத்தில் இளம் பிள்ளைகளிடம் யாமாஷித்தா என்றால் முதலில் வாயில் வருவது 'தங்கம்'. ஆசியா முழுக்கக் கொள்ளையடித்த தங்கத்தை இங்கே குகைகளில் புதைத்துவிட்டார் என்ற கதை. வடக்கே மலைப்பக்கம் பாறையில் அம்புக்குறி மாதிரி ஒரு கீறல் தெரிந்தால் போதும், ஜப்பான்காரன் வைத்த அடையாளம் என்று தோண்டத் தொடங்கிவிடுவார்கள். எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் சித்தப்பா தன் சமையலறைத் தரையையே பெயர்த்துப் போட்டு, ஆறு மாசம் தோண்டி, கடைசியில் வீட்டுச் சுவர் ஒருபக்கம் இறங்கிவிட்டதாம். 1971இல் பாகியோவில் பூட்டுத் தொழிலாளி ரோஹேலியோ ரோக்சாஸ் தங்கப் புத்தர் சிலை கிடைத்ததாகச் சொன்னார், அப்போதைய ஜனாதிபதி மார்க்கோஸின் ஆட்கள் அதைப் பறித்துக்கொண்டதாக வழக்குப் போட்டார். அது ஹவாய் உச்ச நீதிமன்றம் வரை போய் 1998இல்தான் தீர்ப்பு வந்தது. இப்படி ஒரு மனிதன் புதையலின் பெயராக மாறிப்போவது எனக்குப் பயமாகவே இருக்கிறது, ஏனென்றால் கீழே இருப்பது எலும்புகள்.

இன்ட்ராமூரோஸ் பழைய கோட்டைக்குள் ஒரு சின்னத் திடல் இருக்கிறது. அங்கே 1995இல் ஒரு சிற்பம் வைத்தார்கள். தலையில் முக்காடு போட்ட ஒரு பெண், மடியில் செத்த குழந்தை, சுற்றிலும் சாய்ந்து கிடக்கும் உடல்கள். 1945 பிப்ரவரி 3 முதல் மார்ச் 3 வரை நடந்த மணிலா சண்டையில் சுமார் 1,00,000 பொதுமக்கள் செத்தார்கள். பெயர் தெரியாமல், கல்லறை இல்லாமல் போனவர்களுக்காக அந்தக் கல். ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். வயதான அம்மா ஒருவர் சிற்பத்தின் காலடியில் ஒரு பிளாஸ்டிக் கப்பில் சம்பங்கிப் பூ மாதிரி வெள்ளைப் பூ வைத்துவிட்டுப் போனார், யாரிடமும் எதுவும் பேசவில்லை. கோட்டைக்குள் இருந்த ஏழு தேவாலயங்களில் நின்றது சான் அகுஸ்தின் ஒன்றுதான். மற்றவற்றை இடித்ததில் அமெரிக்கப் பீரங்கிக்கும் பங்கு உண்டு, அதை இங்கே மெதுவாகத்தான் பேசுவார்கள்.

இன்னொன்று. வடக்கே இஃபுகாவ் மாகாணத்தில் கியாங்கன் என்ற ஊர். யாமாஷித்தா மலையிலிருந்து இறங்கி 1945 செப்டம்பர் 2 அன்று அங்கேதான் பிடிகொடுத்தார். அந்த ஊரில் இஃபுகாவ் வீட்டுக் கூரை வடிவில் நினைவகம் கட்டியிருக்கிறார்கள். மறுநாள் செப்டம்பர் 3 பாகியோவில் கையெழுத்து. அந்தச் செப்டம்பர் 3ஐ நாடு முழுவதும் அனுசரிக்க வேண்டும் என்று 2019இல் சட்டமே வந்தது. பாகியோ அறையில் யார் உட்கார்ந்திருந்தார் தெரியுமா? பெர்சிவல். மூன்றரை வருஷம் ஜப்பானியர் சிறையில் கிடந்து எலும்பும் தோலுமாக வந்தவரை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்து எதிரே உட்கார வைத்தார்கள்.


வராந்தா வக்கீல்:

புக்கித்தீமா, உங்கள் கேள்வியில் பாதிக்கு நான் பதில் சொல்ல முடியும். நாங்கள் சட்டம் படிக்கும்போது இவர் எங்களுக்கு மனிதராகவே அறிமுகமாகவில்லை, வழக்கின் பெயராகத்தான் வந்தார். அமெரிக்க உச்ச நீதிமன்றம், 1946 பிப்ரவரி 4, யாமாஷித்தா வழக்கு.

விசாரணை 1945 அக்டோபர் 29 அன்று மணிலாவில் தொடங்கி டிசம்பர் 7 அன்று தீர்ப்பு. அந்தத் தேதியைக் கவனியுங்கள், 1941இல் ஜப்பான் பேர்ல் ஹார்பரைத் தாக்கிய நாள். தீர்ப்புச் சொன்னவர்கள் ஐந்து அமெரிக்க ஜெனரல்கள், ஐவரில் ஒருவர்கூட வழக்கறிஞர் இல்லை. அவர்களை நியமிக்க உத்தரவிட்டவர் அமெரிக்கத் தளபதி மெக்கார்தர், அதே பிலிப்பைன்ஸை 1942இல் இழந்துவிட்டு ஓடவேண்டி வந்தவர். கேட்டவர் சொன்னதைக் கேட்டேன் என்ற வகைச் சாட்சியமெல்லாம் ஏற்கப்பட்டது. 'இவர் கொலை செய்யச் சொன்னார்' என்று குற்றச்சாட்டு இல்லை. 'தன் படையைக் கட்டுப்படுத்தும் கடமையில் தவறினார்' என்பதுதான் குற்றச்சாட்டு.

உச்ச நீதிமன்றத்தில் ஆறு பேர் தலையிட மறுத்தார்கள், மர்ஃபி, ரட்லெட்ஜ் என்ற இரண்டு நீதிபதிகள் கடுமையாக மறுத்து எழுதினார்கள். மர்ஃபி சாதாரண ஆள் இல்லை, போருக்கு முன் பிலிப்பைன்ஸின் கவர்னர் ஜெனரலாக இருந்தவர், அந்த மக்களை நேரில் தெரிந்தவர். அவர் கேட்டது இவ்வளவுதான்: உங்கள் படையின் தொடர்பையும் கட்டுப்பாட்டையும் நாங்களே அடித்து நொறுக்கினோம், பிறகு ஏன் கட்டுப்படுத்தவில்லை என்று நாங்களே உங்களைத் தண்டிக்கலாமா? முதல் தடவை அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அமெரிக்காவில் இவரைப் பற்றிய நினைவு என்றால் இந்த வழக்குதான். வியட்நாமில் 1968 மார்ச் 16 அமெரிக்கப் படை செய்த மை லாய் படுகொலை வெளியே வந்தபோது பழைய தீர்ப்பைத் தூசி தட்டி எடுத்தார்கள், யாமாஷித்தாவுக்கு வைத்த அதே கோலால் நம் தளபதிகளை அளப்போமா என்று கேட்டார்கள். அளக்கவில்லை. அந்தப் படைப்பிரிவை நடத்திய கேப்டன் மெடினா 1971இல் விடுதலை, அவருக்கு மேலே ஒருவருக்கும் தூக்குக் கயிறு வரவில்லை. ஆனாலும் அந்தக் கோட்பாடு சாகவில்லை. 'தெரிந்திருந்தார் அல்லது தெரிந்திருக்க வேண்டியவர்' என்ற சொற்றொடர் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சாசனம் 28ஆம் பிரிவில் உட்கார்ந்திருக்கிறது. காங்கோவின் ஆயுதக்குழுத் தலைவர் பெம்பாவை அதன்படிதான் 2016இல் தண்டித்து, 2018இல் மேல்முறையீட்டில் விடுவித்தார்கள். இன்று எந்தத் தளபதிமீது வழக்குப் போட்டாலும் அந்த ஆறு வார விசாரணை எங்காவது ஒரு பக்கத்தில் எட்டிப் பார்க்கும்.


சித்தியவான் மகள்:

மூன்று பேர் எழுதியதையும் படித்தேன். நல்ல விஷயம்தான், ஆனால் எங்கள் வீட்டில் இந்தப் பெயரை யாரும் ஒரு தடவைகூடச் சொல்லிக் கேட்டதில்லை என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பேராவில் ரப்பர்த் தோட்டம் எங்களுடையது. (எங்களுடையது என்றால் நாங்கள் பால்மரம் வெட்டிய தோட்டம்.) எங்கள் பாட்டி சொல்வது 'ஜப்பான்காரன் காலம்'. அதற்கு ஒரு பெயர், ஒரு முகம் கிடையாது. 1941 கடைசியில் தார் ரோட்டில் சைக்கிள் சைக்கிளாக வந்தார்கள், டயர் இல்லாத வெறும் இரும்புச் சக்கரம் ரோட்டில் உரசும் சத்தம் காட்டுக்குள் ஒளிந்திருந்தவர்களுக்கே கேட்டதாம், டாங்கி வருகிறது என்று பயந்தார்களாம். அப்புறம் மூன்றரை வருஷம் மரவள்ளிக்கிழங்கு, சாக்குத் துணி, வாழைமரம் அச்சடித்த ஜப்பான் நோட்டு. தாத்தாவைச் சயாம்-பர்மா ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்று மாசம் வேலை, கூலி உண்டு, அரிசி உண்டு என்று தோட்டத்துக் கணக்கர், கிராணி, வந்து பெயர் எழுதினாராம். பாட்டி அவருக்கு ஒரு ஈயத் தூக்குவாளியில் கட்டுச்சோறும் ஒரு கம்பளியும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். தாத்தா வரவில்லை. தூக்குவாளியை மட்டும் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் போர் முடிந்து கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் அம்மா வீட்டில் அது இன்னும் இருக்கிறது, அடியில் ஒரு ஓட்டை, மூடி இல்லை.

415 கிலோமீட்டர் பாதை. மலாயாவிலிருந்து மட்டும் 70,000 பேருக்கு மேல் கொண்டுபோனார்கள், பெரும்பாலும் தமிழர்கள். பத்தாயிரக்கணக்கில் காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். யாமாஷித்தா 1942 ஜூலையிலேயே மஞ்சூரியாவுக்கு மாற்றலாகிப் போய்விட்டார், ஆக இந்த ரயிலுக்கு அவர் பொறுப்பு இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். சரி. அப்படியென்றால் யார்? அந்தப் பெயரை எங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வெள்ளைக்காரக் கைதிகளுக்கு தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாக வெள்ளைக் கல் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் பெயர் இருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு அது இல்லை.

அதே லயத்தில் அடுத்த வீட்டுக்காரர் 1943இல் நேதாஜி படையில் சேர்ந்தார். அவர்கள் வீட்டுக் கூடத்தில் சாகும்வரை நேதாஜி படம் தொங்கியது, ஜப்பான்காரன் வந்திருக்காவிட்டால் நமக்கு முதுகு நிமிர்ந்திருக்காது என்று அவர் சொல்வார். ஒரே சுவர், இந்தப் பக்கம் என் பாட்டி. இருவரும் கடைசிவரை சண்டை போட்டுக்கொண்டதில்லை, அந்தப் பேச்சை எடுத்ததும் இல்லை.


புக்கித்தீமா:

அக்கா, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். சிங்கப்பூர்த் தமிழர் நினைவிலும் இந்தப் பிளவு உண்டு. சரணடைந்த இரண்டாம் நாள், பிப்ரவரி 17, ஃபேரர் பார்க் திடலில் சுமார் 45,000 இந்திய சிப்பாய்களைத் தனியே பிரித்து ஜப்பானிய உளவு அதிகாரி ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்தார்கள், இந்திய தேசிய ராணுவத்தின் விதை அங்கே விழுந்தது. மறுநாள் நடந்து போகும் தூரத்தில் ஜாலான் பெசாரில் சீனர்களை வரிசையில் நிறுத்தத் தொடங்கினார்கள். இரண்டு சம்பவங்களுக்கும் ஒரே படைத்தலைவர். எங்கள் தாத்தா காலத்து ஆட்கள் முதலாவதை மட்டும் பெருமையாகச் சொல்வார்கள். சீன நண்பர்கள் வீட்டில் இரண்டாவது மட்டும் இருக்கும். பள்ளியில் இரண்டையும் ஒரே பாடத்தில் சேர்த்து எனக்கு யாரும் காட்டவில்லை.


ஷிகோகு மலை:

ஜப்பானிலிருந்து எழுதுகிறேன். ஷிகோகு தீவில் கொச்சி மாவட்டம், யாமாஷித்தா பிறந்ததும் இந்த மாவட்டத்தில்தான், 1885இல், மலைக்குள் ஓசுகி என்ற கிராமத்தில், ஒரு வைத்தியர் மகனாக. இப்போது அந்த ஊர் ஓத்தொயோ நகராட்சிக்குள் வருகிறது. கோயில் வளாகத்தில் ஒரு மாபெரும் தேவதாரு மரம் நிற்கிறது, அதைப் பார்க்கத்தான் பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். ஜெனரலைத் தேடி வருகிறவர் குறைவு.

இங்கே இளம் வயதினருக்கு அவரைத் தெரியாது என்றே சொல்லலாம். வயதானவர்களுக்கு இரண்டு விஷயம் தெரியும். ஒன்று, 'மலாயாப் புலி' என்ற பட்டம். இரண்டு, பெர்சிவலிடம் மேசையைத் தட்டி 'சரியா, இல்லையா' என்று கேட்டது. அந்தக் காலச் செய்திப்படம் அதைப் பெரிய வீரமாகக் காட்டியது. உண்மையில் அவர் பதற்றத்தில் இருந்தார். குண்டுகள் தீர்ந்துகொண்டிருந்தன, எதிரிப் படை தன்னுடையதைவிடப் பெரியது என்று தெரியும், தெருச்சண்டை வந்தால் தோற்றுவிடுவோம் என்ற பயம். மொழிபெயர்ப்பாளர் வேறு தடுமாறிக்கொண்டிருந்தார்.

இன்னும் ஆழமாகப் படித்தவர்கள் அவரைச் 'சோகத் தளபதி' என்பார்கள். 1936 பிப்ரவரி 26 டோக்கியோ ராணுவக் கலகத்தில் இளம் அதிகாரிகள்மேல் பரிவு காட்டியதால் பேரரசரின் மனக்கசப்பைச் சம்பாதித்தவர். போர்க்காலப் பிரதமர் தோஜோவுக்கும் இவரை ஆகாது. சிங்கப்பூரைப் பிடித்துக் கொடுத்த பிறகும் டோக்கியோவுக்கு வரவிடாமல் நேரே மஞ்சூரியாவுக்கு அனுப்பிவிட்டார்கள், தோற்பது உறுதி என்று தெரிந்த பிறகு 1944 அக்டோபரில் பிலிப்பைன்ஸுக்குக் கூப்பிட்டார்கள், அவர் போய் இறங்கி இரண்டு வாரத்தில் லெய்ட்டே தீவில் அமெரிக்கப் படை வந்துவிட்டது. இப்படிச் சொல்லும்போது கேட்பவர்களுக்கு உண்மையாகவே மனம் இளகிவிடும். எனக்கும் இளகியது. ஆனால் இந்தக் கதையில் ஜாலான் பெசார் இல்லை, சாங்கிக் கடற்கரை இல்லை. ஜப்பானியர் ஒருவருக்கு மற்றொரு ஜப்பானியர் செய்த அநியாயமாகவே கதை தொடங்கி அப்படியே முடிகிறது. நான் வேலை செய்யும் இடத்தில் என்மேல் மிகவும் பாசமாக இருக்கும் ஒரு பெரியவரிடம் சூக் சிங் பற்றி ஒருநாள் சொன்னேன். அவர் வெகுநேரம் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, எங்கள் பாடப்புத்தகத்தில் அது ஒரு வரி, என்றார். யாமாஷித்தாவின் கல்லறை டோக்கியோவின் தாமா மயானத்தில் இருக்கிறது. போரில் இறந்தவர்களுக்கான யாசுகுனி கோயிலிலும் அவரைச் சேர்த்திருக்கிறார்கள்.


பழைய ரேடியோ:

இதில் இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. ஜெயித்தவன் தோற்றவனைத் தூக்கில் போட்டான், அவ்வளவுதான். டோக்கியோவில் 1945 மார்ச்சில் ஒரே ராத்திரியில் ஏறக்குறைய 1,00,000 பேரை எரித்தவர்களை எந்த நீதிமன்றம் கூப்பிட்டது? யாமாஷித்தா மணிலாவை விட்டுப் போகச் சொன்னார், கடற்படைக்காரன் கேட்கவில்லை. அவர்மேல் தப்பே இல்லை. வக்கீல் தம்பி சொன்ன மர்ஃபியே அதைத்தான் சொல்கிறார்.


மக்காத்தி:

ரேடியோ ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். புக்கித்தீமா முதல் பதிவில் எழுதியதும் பாதி உண்மைதான். 'கடற்படை செய்தது' என்பது மணிலா நகரத்துக்குப் பொருந்தும். பத்தாங்காஸ் மாகாணத்துக்குப் பொருந்தாது. அங்கே லீப்பா பக்கத்து ஊர்களில் 1945 ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் ஆயிரமாயிரமாக மக்களைக் கொன்றது தரைப்படை, கர்னல் ஃபுஜிஷிகேயின் ஆட்கள். யாமாஷித்தாவின் 14ஆம் பகுதிப் படைக்குக் கீழே, ஷிம்பு பிரிவில் இருந்தவர்கள். கெரில்லாக்களுக்கு உதவுகிறார்கள் என்று சந்தேகம் வந்தால் ஊரையே சேர்த்து முடித்தார்கள். இதே முறைதானே 1942இல் சிங்கப்பூரில்? இதே முறைதானே மலாயாவில் நெகிரி செம்பிலான் தித்தி பக்கம் மார்ச் மாசத்தில்? மூன்று இடத்திலும் மேலே ஒரே ஆள் இருந்திருக்கிறார்.

286 பேர் அந்தக் கூடத்தில் வந்து சாட்சி சொன்னார்கள். உடம்பில் துப்பாக்கி முனைக் கத்திக் காயத்தைக் காட்டிய சின்னப் பெண்கள் அதில் உண்டு. விசாரணை முறை தப்பு என்று சொல்லுங்கள், நானும் சேர்ந்து சொல்கிறேன். அந்த 286 பேருக்கு நடந்தது நடக்கவில்லை என்ற மாதிரி பேசாதீர்கள்.

மன்னிப்பு என்று வந்தால் அதையும் இந்த ஊர்க்காரர்தான் செய்தார். எல்பிடியோ கிரினோ. மணிலா சண்டையில் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் பறிகொடுத்தவர். பிற்பாடு ஜனாதிபதியாகி, 1953 ஜூலையில் சிறையிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஜப்பானியப் போர்க்குற்றவாளிகளுக்குப் பொதுமன்னிப்புக் கொடுத்து ஊருக்கு அனுப்பினார். என் பிள்ளைகளும் என் மக்களும் இந்த வெறுப்பைச் சுமக்கக் கூடாது என்ற எண்ணத்தில். டோக்கியோவில் ஹிபியா பூங்காவில் அவருக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது. ஷிகோகு மலை, எப்போதாவது அந்தப் பக்கம் போனால் பாருங்கள்.


வராந்தா வக்கீல்:

மக்காத்தி சொல்வது சரி, நான் பத்தாங்காஸை எழுதியிருக்க வேண்டும். ஃபுஜிஷிகே அந்த விசாரணையிலேயே வந்து சாட்சி சொன்னவர்.

ரேடியோ ஐயா, மர்ஃபி 'இவர் நிரபராதி' என்று எழுதவில்லை. இந்த அவசரத்தில், இந்த முறையில், இந்தக் குற்றச்சாட்டில் ஒரு மனிதனைத் தூக்கிலிடக் கூடாது என்றார். இரண்டும் ஒன்றில்லை. நான் புக்கித்தீமாவின் கேள்வியையே திரும்பக் கேட்கிறேன்: ஏன் அவரை முதலில் சிங்கப்பூருக்கு அனுப்பவில்லை? உத்தரவு இருந்தது, சாட்சிகள் இருந்தார்கள், புதிய கோட்பாடு எதையும் உருவாக்க வேண்டியதில்லை, சாதாரணக் கொலைச் சட்டமே போதும். பிடித்தவர்கள் கையில் இருந்தார், பிடித்தவர்களுக்கு மணிலா முக்கியம். அதனால் சிங்கப்பூர்ச் சீனக் குடும்பங்களுக்கு அவர் வாயிலிருந்து ஒரு பதிலும் கிடைக்காமல் போயிற்று.


புக்கித்தீமா:

ஆமாம். அவர் இல்லாததால் 1947 வழக்கில் என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏழு அதிகாரிகள் கூண்டில் நின்றார்கள். கவாமுராவுக்கும் ராணுவப் போலீஸான கெம்பெய்த்தாயின் அதிகாரி ஓயிஷிக்கும் தூக்கு, மற்ற ஐந்து பேருக்கு ஆயுள். எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: மேலிடத்து உத்தரவு. மேலிடத்தில் ஒருவர் செத்துவிட்டார். இன்னொருவர், திட்டம் தீட்டியவர் என்று எல்லாரும் கைகாட்டிய சுஜி மசநோபு, தலைமறைவாகி, பிறகு ஊர் திரும்பி, 1952இல் ஜப்பான் நாடாளுமன்ற உறுப்பினரே ஆனார். ஒரு நாள்கூடக் கூண்டில் நிற்கவில்லை. சீனச் சமூகத்தின் கோபம் அன்று ஆறவில்லை.

1962இல் சிக்லாப்பில் மண்ணைத் தோண்டியபோது எலும்புக்குவியல்கள் வெளியே வந்தன. 'ரத்தக்கடன்' என்று பேர் வைத்து 1963இல் நகரமன்றத் திடலில் பெரிய கூட்டம். கடைசியில் 1966இல் ஜப்பான் 50 மில்லியன் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது, பாதி மானியம், பாதி கடன். இந்தத் தொகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஏனென்றால் 1942இல் யாமாஷித்தாவின் நிர்வாகம் மலாயா, சிங்கப்பூர்ச் சீனர்களிடம் 'அன்பளிப்பு' என்று கேட்டு வாங்கியதும் 50 மில்லியன் டாலர். டாக்டர் லிம் பூன் கெங் அப்போது எழுபதைத் தாண்டியவர், அவரைத் தலைவராக உட்கார வைத்து வசூலித்தார்கள். வீட்டை, நகையை விற்றும் 28 மில்லியன்தான் தேறியது, மீதியை யொகோஹாமா ஸ்பெசி வங்கியில், ஜப்பானிய வங்கியிலேயே, கடன் வாங்கி அடைத்து, ஜூன் 25 அன்று யாமாஷித்தா கையில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கணவனைச் சுட்ட படைக்கு மனைவி வட்டிக்கு வாங்கிப் பணம் கட்டினாள்.

பீச் ரோட்டில் 1967 பிப்ரவரி 15 அன்று திறந்த நினைவுத்தூண் எல்லாருக்கும் தெரியும், நான்கு தூண்கள், நான்கு இனங்களுக்கும் சேர்த்து. அடியில் எலும்புகள் வைத்த தாழிகள். இத்தனை வருஷம் ஆகியும் காயம் ஆறவில்லை என்பதற்கு 2017ஐச் சொல்வேன். பழைய ஃபோர்டு தொழிற்சாலை கண்காட்சியைப் புதுப்பித்து 'சியோனான் காட்சிக்கூடம்' என்று பெயர் வைத்தார்கள். சியோனான் என்பது ஜப்பானியர் இந்தத் தீவுக்கு வைத்த பெயர். இரண்டே நாளில் பெயரை எடுத்தார்கள், அமைச்சர் யாக்கோப் இப்ராஹிம் மன்னிப்புக் கேட்டார். மலாய்க்கார நண்பன் ஒருவன் அப்போது சொன்னான், எங்களுக்கு இந்த வரலாற்றில் லெப்டினென்ட் அட்னான் இருக்கிறார், பாசிர் பாஞ்சாங்கில் பின்வாங்காமல் செத்தவர், எங்கள் பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சொல்லுவோம், யாமாஷித்தா பெயரை அல்ல.


பழைய ரேடியோ:

பணம் விஷயம் எனக்குத் தெரியாது. பத்தாங்காஸும் தெரியாது. தப்பே இல்லை என்று எழுதியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். டோக்கியோ குண்டுவீச்சைப் பற்றிச் சொன்னது மட்டும் அப்படியே நிற்கட்டும், அதுவும் குற்றம்தான்.


சித்தியவான் மகள்:

அது நிற்கட்டும் ஐயா, யாரும் மறுக்கவில்லை.

புக்கித்தீமா தம்பி, உங்கள் கடைசிப் பதிவை அம்மாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். யாமாஷித்தா என்ற பெயரை அவர் கேட்டது இன்றுதான். பெரிய ஆளா என்று கேட்டார். ஆமாம், தூக்கில் போட்டுவிட்டார்கள் என்றேன். நம்ம ரயிலுக்கா என்றார். இல்லை, வேறு ஊருக்கு என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, அந்தத் தூக்குவாளியை எங்காவது அருங்காட்சியகத்தில் வாங்கிக்கொள்வார்களா, எனக்கும் வயசாகிறது, நீங்கள் யாரும் வைத்துக்கொள்ள மாட்டீர்கள் என்றார். அப்படி வாங்கிக்கொள்ளும் இடம் யாருக்காவது தெரிந்தால் எழுதுங்கள். தாத்தாவின் பெயர், தோட்டத்தின் பெயர், பிடித்துப் போன வருஷம் மூன்றும் ஒரு தாளில் எழுதிக் கூட வைக்க வேண்டும் என்பது அம்மாவின் ஒரே நிபந்தனை.


புக்கித்தீமா:

அக்கா, நான் விசாரிக்கிறேன். முதல் பதிவில் கடற்படை பற்றி எழுதிய வரிக்குக் கீழே பத்தாங்காஸையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சனிக்கிழமை மறுபடி ஃபோர்டு தொழிற்சாலைக்குப் போகிறேன், அங்கே இருப்பவர்களிடம் தூக்குவாளி பற்றியும் கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன். அம்மா சரி என்றால் அதற்கு முன் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், அடியில் இருக்கும் ஓட்டையும் தெரிகிற மாதிரி.